பிரிம்லி துரையின் கதவுக் கீல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பைபிள் மேல் கை வைக்கச் சொன்னாலும் சரி, கற்பூரத்தை அணைக்கச் சொன்னாலும் சரி, பெற்ற பிள்ளையின் தலையில் அடிக்கச் சொன்னாலும் சரி, மூன்றுக்கும் சம்மதம். கற்பூரத்தையும் பிள்ளையையும் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். சந்தேகம் இருந்தால் ஊட்டி காந்தலில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். இங்கே கூட்டல் கிடையாது.

பவுல்ராஜ் சார் ரிட்டயர் ஆன வரலாற்று வாத்தியார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் 'தெரியாது' என்ற சொல் வந்ததில்லை. குடலிறக்க ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டுவிட்டு, "இப்ப எப்படி இருக்குது சார்?" என்று டாக்டர் கேட்டதற்கு, "இந்த ஊசியை முதல் உலகப்போர்ல கண்டுபிடிச்சாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அதனால் ஊட்டியில் யார் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது என்ன அகப்பட்டாலும் முதலில் அவர் வீட்டு மேசைக்குத்தான் வரும். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொருளை மோந்து பார்த்து, ஒரு தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். நீலகிரியில் மண்ணுக்கடியில் எது கிடைத்தாலும் அது ஒரு துரையுடையது. உடைந்திருந்தால் துரையுடையது, உடையாமல் இருந்தால் துரைசாணியுடையது. இதை மறுத்துப் பேசுகிறவன் கீழ்நாட்டுக்காரன்.

அந்த வருஷக் கோடையில் பைக்காரா ஏரி வற்றியது. அப்படி ஒரு வற்றலை யாரும் பார்த்ததில்லை. படகுகள் எல்லாம் சேற்றில் எருமை மாதிரி படுத்துக் கிடந்தன. தண்ணீர் இருந்த இடமெல்லாம் செம்மண் கரை, நடக்க நடக்கத் தீராத கரை. கடலே இல்லாமல் ஒரு கடற்கரை. அந்தக் கரையில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒருவன் காதில் ஹெட்போனும் கையில் மெட்டல் டிடெக்டருமாகக் கதிர் அறுக்கிறவன் போல வீசி வீசி நடந்தான். அவன் பெனிஸ். டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன், நாற்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகாதவன். புதையலுக்காக அவன் அந்த மிஷினை வாங்கவில்லை. செத்துப்போன ஒருவனைத் தேட வாங்கினான்.

செத்துப்போனவன் பெயர் ரொனால்ட். பேக்கரியில் வர்க்கி பாக்கெட் போடும் ஜெஸிந்தாவின் புருஷன். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மழையில் பைக்காராவுக்கு மீன் பிடிக்கப் போனான். பரிசல் கவிழ்ந்து மிதந்தது, சட்டை கரை ஒதுங்கியது, ஆள் மட்டும் வரவில்லை. ஆள் வராததால் ஊர் அவனைச் சாகவிடவில்லை. நாடுகாணி செக்போஸ்ட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தான் என்றார் ஒருவர். ஓவேலியில் ஒரு சேச்சியோடு குடித்தனம் நடத்துகிறான், இரட்டைப் பிள்ளை என்றாள் இன்னொருத்தி. பிள்ளைகளின் ஞானஸ்நானப் பெயர் வரைக்கும் சொன்னாள்.

போலீஸ் ஸ்டேஷனில், செத்ததாக எழுத ஏழு வருஷம் போகட்டும் என்றார்கள். பங்குச் சாமியார் இன்னும் கண்டிப்பு.

"செத்ததுக்கு ஒரு அடையாளம் கொண்டாம்மா. ஒரு எலும்போ, ஒரு மோதிரமோ, எதாவது. நான் மேற்றிராசனத்து ஆயருக்கு எழுதி ஒத்தாசை பண்றேன். அது இல்லாம உனக்கும் பெனிஸுக்கும் நான் மூணு ஞாயிறு பூசைல கல்யாண ஓலை வாசிச்சு, மூணாவது ஓலை அன்னிக்கு ரொனால்ட் வந்து முன்வரிசைல உக்காந்தான்னா நான் என்ன பண்றது?"

பெனிஸின் அக்கா பிரிஸில்லா தன் பங்குக்கு ஒரு கெடு வைத்தாள். "திருவிழா முடியறதுக்குள்ள அந்தாளு செத்துட்டான்னு சாமியார் சொல்லோணும். இல்லேன்னா குன்னூர்ப் பொண்ணு." பிரிஸில்லா சொன்னால் சொன்னதுதான். அவள் புருஷனைக் கேட்டால் தெரியும், அவன் பேச அனுமதி கிடைத்தால்.

ஆக ஜெஸிந்தாவின் மிச்ச வாழ்க்கை அந்தச் சேற்றுக்குள் எங்கேயோ கிடந்தது. "கல்யாண மோதிரம், உள்பக்கம் எம் பேரு வெட்டியிருக்கும். பெல்ட்டு பக்கிள்ல ஒரு கழுகு இருக்கும்" என்று பெனிஸிடம் சொல்லி அனுப்பினாள். ரொனால்டின் தொடைக்குள் இருந்ததைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவளுக்கே ஞாபகம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே லாரியில் அடிபட்டு எலும்பு முறிந்து, கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து ஸ்டீல் பிளேட் வைத்திருந்தார்கள். இல்லாத புருஷனை நினைக்கும்போது முகம் ஞாபகம் வரும், குரல் வரும். தொடைக்குள் இருக்கும் இரும்பு யாருக்கு ஞாபகம் வருகிறது?

பெனிஸ் எடுத்ததை எல்லாம் சாக்கில் போட்டு பவுல்ராஜ் சாரிடம் கொண்டுவந்தான். முதல் நாள் ஒரு பித்தளைப் பொத்தான். துரையின் வேட்டைக் கோட்டில் இருந்தது என்றார் சார். இரண்டாவது, பைக்கின் கிக்கர். துரை குதிரை ஏறும் அங்கவடி. பிறகு சினிமா ஷூட்டிங்கில் யாரோ தொலைத்த தகரக் கத்தி. துரைக்கு ஒரு சமஸ்தானம் பரிசாகக் கொடுத்தது. அதன் பிடியில் அட்டை ஒட்டும் பசை வாசம் அடித்தது. அந்தக் காலத்துப் பிசினின் மகிமை அது என்றார். தேய்ந்த கரண்டி ஒன்று வந்தது. அதன் முதுகில் ஒரே ஓர் எழுத்து பாதி தெரிந்தது. அந்தப் பாதியிலிருந்து சார் 'பிரிம்லி' என்ற பெயரை முழுசாக எடுத்துவிட்டார்.

ஒரு நாள் பாதிப் பல் செட் வந்தது.

"பிரிம்லி துரை பல்லு" என்றார் சார்.

"சார், இது போன சீசன்ல படகுல குனிஞ்சு வாந்தி எடுத்த ஒரு ஈரோட்டுக்காரரோடதுங்க. நாந்தானுங்க அவரை ஜீப்புல கூட்டியாந்தேன். பல்லு போச்சு பல்லு போச்சுன்னு வழியெல்லாம் புலம்பினாருங்க."

சார் அசரவில்லை. "ஈரோட்டுக்காரருக்குத் துரையோட பல்லு எப்படிக் கிடைச்சுதுங்கறதுதான் இப்ப ஆராய்ச்சி" என்றார்.

இப்படியே ஏரிக்கு அடியில் பிரிம்லி துரைக்கு ஒரு வேட்டை பங்களா எழும்பியது. துரைசாணி வந்தாள், நாய் வந்தது, துரைக்கு மூட்டுவலி வந்தது. துரை வந்ததும் ஊருக்குப் பூர்வீகம் வந்தது. பிரிஸில்லா ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "சார், எங்க அப்பிச்சி அவருகிட்டத்தானுங்க பட்லரா இருந்தாரு" என்றாள். மறுநாள் சமையல்காரரின் பேரன் வந்தான். அப்புறம் தோட்டக்காரர் வழி, சலவைக்காரர் வழி, நாயைக் குளிப்பாட்டியவர் வழி. எதற்கும் இடம் கிடைக்காத ஒருவர், துரையிடம் எட்டி உதை வாங்கிய பரம்பரை என்று பெயர் கொடுத்தார். அவருக்குத்தான் மரியாதை அதிகம், ஏனென்றால் துரை தொட்ட பரம்பரை அது ஒன்றுதான்.

பவுல்ராஜ் சாருக்கு இந்த நாட்களில் பசி நன்றாக எடுத்தது. நடக்கும்போது கைத்தடி தேவைப்படவில்லை. ஒரு மனிதனைப் பிறப்பித்து, கல்யாணம் செய்து வைத்து, நாய் வாங்கிக் கொடுத்து, மூட்டுவலியும் கொடுப்பது எல்லோருக்கும் வாய்க்கிற காரியமா?

மே மாதம் பிறந்ததும் பெனிஸ் அந்தப் பொருளைக் கொண்டுவந்தான். ஒரு ஜாண் நீளப் பட்டை. வரிசையாக ஓட்டைகள். இரண்டு ஓட்டையில் திருகாணி அப்படியே நின்றது, அதில் ஒன்று வளைந்திருந்தது. ஒரு பக்கம் வெளுத்த கட்டி ஒன்று பிடித்திருந்தது.

"மோதிரம் இன்னிக்கும் கெடைக்கலீங்க சார். முழங்கை ஆழத்துல இதுதான் கெடந்துச்சு."

சார் மோந்து பார்த்தார். "கீல்."

"கதவுக் கீலுங்களா? இன்னொரு பாதி எங்கீங்க?"

"துரைங்க வீட்டுக் கதவுக்கு ஒரு பாதிதான். மிச்சப் பாதிக்கு வேலைக்காரன் பிடிச்சுக்கிட்டு நிப்பான்."

"எங்க அப்பிச்சியா இருக்குமுங்களா?"

"வேற யாரு?"

பெனிஸ் முகம் மலர்ந்தது. இருந்தாலும் டிரைவர் புத்தி, இரும்பைத் தட்டிப் பார்த்தான். "துரு ஒரு பொட்டுக்கூட இல்லீங்களே சார்?"

"சீமை இரும்பு. மகாராணிக்குப் பயந்து துரு கிட்ட வராது."

"இந்த வெள்ளை என்னங்க?"

"சுண்ணாம்புக் காரை. கடுக்காயும் முட்டையும் போட்டு இடிச்சது. சுவரோட பேந்து வந்திருக்குது."

அன்று சாயங்காலம் சார் அதைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, மனைவி யூனிஸின் ஆப்பச்சட்டி சுரண்டியால் காரையைச் சுரண்டினார். லேசில் வரவில்லை. இரும்போடு சேர்ந்து வளர்ந்தது மாதிரி இருந்தது. "அந்தக் காலத்து வேலை! இப்பத்திக் கொத்தனாருங்க வந்து பாக்கணும்" என்று மெச்சிக்கொண்டே கடைசிப் பொடி வரைக்கும் சுரண்டி, சாக்கடையில் ஊற்றிவிட்டு, பட்டையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

கோயில் திருவிழாவுக்குப் பங்கு மண்டபத்தில் கண்காட்சி. ஒரு பத்திரிகை கால் பக்கம் எழுதியது. பொருட்களை வைக்கக் கண்ணாடிப் பெட்டியை பேக்கரி முதலாளி இரவல் கொடுத்தார். கேக் வைத்த பெட்டி, அதனால் துடைத்துக் கொடுக்க ஜெஸிந்தாவையும் கூடவே அனுப்பினார். அவள் ஒவ்வொரு தட்டாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் தட்டில் 'பிரிம்லி துரை வேட்டை பங்களாவின் முன்வாசல் கதவுக் கீல். கண்டெடுத்தவர்: பெனிஸ், துரையின் பட்லர் பேரன்' என்று அட்டை. அட்டைக்குப் பின்னால் இருந்த பட்டையைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"சார்."

"என்னம்மா? அந்த மூலைல இன்னும் க்ரீம் இருக்குது பாரு."

"சார், இது கீல் இல்லீங்க."

"பின்னே?"

"எங்க ஊட்டுக்காரரோட கால்ல இருந்ததுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வீட்டு பீரோவின் மேலிருந்து எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கறுப்புக்குள் வெள்ளையாக ஒரு தொடை எலும்பு, எலும்பின் மேல் பட்டை. அதே நீளம், அதே ஓட்டைகள். கடைசித் திருகாணி அதே பக்கம் அதே மாதிரி வளைந்திருந்தது.

பவுல்ராஜ் சார் எக்ஸ்ரேயைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரும்ப எக்ஸ்ரேயைப் பார்த்தார். சுண்ணாம்புக் காரை ஞாபகம் வந்தது. சுரண்டியின் சத்தம் காதுக்குள் கேட்டது. அந்த எலும்புப் பொடியில் ஒரு சிட்டிகை இருந்திருந்தால் போதும், ரொனால்ட் சட்டப்படி செத்திருப்பான், ஜெஸிந்தாவுக்கு ஓலை வாசித்திருப்பார்கள். 'தப்பாச் சொல்லிட்டேன்' என்ற வார்த்தை அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து, முன்பின் அங்கே வந்து பழக்கமில்லாததால் வழி தெரியாமல் திரும்பிப் போய்விட்டது.

"இதுல பேரு எங்கம்மா போட்டிருக்குது?"

"நெருப்பு வளையக் கிரகணம் வந்துச்சுங்களே, அன்னிக்கு சூரியனைப் பாக்க அவருதான் மூலைய வெட்டி அக்கம்பக்கமெல்லாம் குடுத்தாருங்க. பேரு அந்த மூலைலதானுங்க இருந்துச்சு."

"ஆஸ்பத்திரில கேட்டா?"

"அது இப்ப கல்யாண மண்டபமுங்க."

"அப்ப இது யார் காலுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்க சார்."

"நீ வர்க்கி பாக்கெட் போடறவ" என்றார் சார். அந்தப் பதில் அவருக்கே திருப்தியாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் மண்டபத்திலேயே விசாரணை வைத்தார். மேசையில் பட்டை, பக்கத்தில் எக்ஸ்ரே. பட்லர் வழி, சமையல்காரர் வழி, உதை வாங்கிய வழி எல்லாம் வந்து நாற்காலி பிடித்தார்கள். கீல் போனால் கதவு போகும். கதவு போனால் பங்களா போகும், பங்களாவோடு துரை போவார், துரையோடு தங்கள் தாத்தாவும் போவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜெஸிந்தா முழுக்கை வைத்த ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட்டில் தனியாக நின்றாள்.

"பாத்தா ஒண்ணு மாதிரிதான் இருக்குது சார்" என்றார் சாமியார், எக்ஸ்ரேயை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து. "நீங்க என்ன சொல்றீங்க?"

பவுல்ராஜ் சார் எழுந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எக்ஸ்ரேயை வாங்கி மோந்து பார்த்தார்.

"சாமி, இது மனுஷக் காலே இல்லை."

எக்ஸ்ரேயைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார்.

"குதிரைக் கால். ரேஸ் குதிரை. எலும்பு கனத்தைப் பாருங்க."

"குதிரைக்கெல்லாம் எக்ஸ்ரே எடுப்பாங்களா சார்?"

"மனுஷனை விட நல்லாவே எடுப்பாங்க. குதிரைக்கு விலை இருக்குதே."

பின்வரிசையில் ஒருவர் 'அதுவும் சரிதான்' என்றார். ஜெஸிந்தா குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "குதிரையோட எக்ஸ்ரே எங்க ஊட்டு பீரோ மேல எப்படீங்க சார் வந்துச்சு?"

"அதை ரொனால்ட்தாம்மா சொல்லணும். வந்ததும் கேட்டுக்கலாம்."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடங்கியது போலிருந்தபோது உதை வாங்கிய வழிக்காரர் மெதுவாக ஒரு கனைப்புக் கனைத்தார், குதிரை மாதிரி. மறுபடி முதலிலிருந்து.

சாமியார் நல்ல மனிதர். அவர் பெனிஸ் பக்கம் திரும்பினார். "மண்ணுலேர்ந்து எடுத்தவன் நீ. நீ சொல்றதை நான் மேலே எழுதறேன். ரொனால்டோடதுன்னு நம்பறியா?"

பெனிஸ் ஜெஸிந்தாவைப் பார்த்தான். அவள் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் அவன் அந்த வெயிலில் அத்தனை சேறும் மிதித்தான், அதில் பொய்யில்லை. அப்புறம் அவன் பிரிஸில்லாவைப் பார்த்தான். அப்புறம் அட்டையைப் பார்த்தான். அவன் பெயர் அச்சில் வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான், லைசென்ஸைத் தவிர.

"கீல்தானுங்க சாமி."

ஜெஸிந்தா எக்ஸ்ரேயை எடுத்துச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, மண்டபத்தைக் கடந்து போனாள். அவள் வாசலைத் தாண்டும்வரை யாரும் கனைக்கவில்லை. தாண்டிய பிறகு கனைத்தார்கள்.

அதற்கப்புறம் பேக்கரிக்கு வர்க்கி வாங்க வந்தவர்கள் கொள்ளு இருக்குதா என்று கேட்டார்கள். ரொனால்ட் ஓவேலிக்கு ஓடவில்லை, நாலு கால் பாய்ச்சலில் போனான் என்று ஒரு புதுப் பேச்சு கிளம்பியது. பெனிஸுக்கும் குன்னூர்ப் பெண்ணுக்கும் புரட்டாசி வாக்கில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை யாருக்காவது தெரியுமா என்று சாமியார் மூன்று தடவை கேட்டார். ஜெஸிந்தா மூன்று தடவையும் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த தடை எதுவும் ஓலையில் சேராது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அவள் பவுல்ராஜ் சார் வீட்டுக்கு வந்தாள். ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. அவளிடம் மெழுகுவர்த்தி இருந்தது, சாமந்தி இருந்தது, கல்லறை இல்லை.

"சார், நான் கீல்னே சொல்றேனுங்க. யாரு கேட்டாலும் கீல்னே சொல்றேன். ஒரே ஒரு நாள் மட்டும் அதைக் குடுங்க. மண்ணுக்குள்ள வெச்சு ஒரு ஜெபம் சொல்லிப்போட்டு எடுத்துத் தந்தர்றேனுங்க."

"காட்சிப் பொருளம்மா அது. மண்ணுல வெச்சாக் கெட்டுப்போகும்."

"மூணு வருஷம் மண்ணுலதானுங்க சார் கெடந்துச்சு."

உள்ளே யூனிஸ் எதையோ கீழே போட்டாள். "ஏனுங்க, குடுத்துத் தொலையுங்களேன்" என்று குரல் வந்தது. கொடுக்கலாம்தான் என்று அவருக்கும் தோன்றியது. ஆனால் இன்று ஒரு நாள் கொடுத்தால் அது ஏன் கொடுத்தாரென்று நாளைக்கு ஒருவன் கேட்பான். மேசைக்கு அடியில் கிடந்த குப்பையைக் காலால் துழாவினார். கோத்தகிரிப் பக்கம் எவனோ கொண்டுவந்து போட்ட துருப்பிடித்த குதிரை லாடம் ஒன்று தட்டுப்பட்டது.

"இதை எடுத்துக்க. குதிரைன்னு சொன்னவன் நான். சொன்னதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் எறிவாள், ஏசுவாள், அதோடு முடியும் என்று எதிர்பார்த்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "வரேனுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெறுங்கையோடு அனுப்பவில்லை என்று அவருக்கு மனசு லேசானது. யூனிஸ்தான் அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் மூலையில், தைல மரத்தடியில், ஜெஸிந்தா அந்த லாடத்தைப் புதைத்தாள். பேக்கரிப் பெட்டிப் பலகையில் ஒரு சிலுவை செய்து நட்டாள். பாட்டு இல்லை, மந்திரித்த தண்ணீர் இல்லை. மெழுகுவர்த்தி எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அனுமதி இல்லாத சிலுவை என்று தோட்டக் காவலாளி மறுவாரமே அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார். இடம் மட்டும் அவளுக்குத் தெரியும். ஞாயிறுதோறும் வந்து நின்றுவிட்டுப் போவாள்.

சீசன் திரும்பியது. மண்டபத்திலேயே தங்கிவிட்ட கண்காட்சியைப் பார்க்க வந்த கூட்டம் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கியது: "துரையை எங்க புதைச்சாங்க சார்?" தெரியாது என்று சொல்லும் வழக்கம் இல்லாததால், "நம்ம கல்லறைத் தோட்டத்துலதான்" என்றார் சார். துரை வேறு சபைக்காரராயிற்றே என்று சாமியார் இழுத்தார். "சாகறப்ப மனம் திரும்பிட்டாரு சாமி" என்று துரையின் ஆன்மாவையும் சார் ஒரு வரியில் மீட்டெடுத்தார். இடத்தைக் கண்டுபிடிக்க பெனிஸ் புதுப் பெண்டாட்டியோடும் பழைய மிஷினோடும் வந்தான். ஊர் பின்னால் வந்தது. கல்லறை கல்லறையாகச் சுற்றி, கடைசியில் தைல மரத்தடியில் மிஷின் கீச்சென்று கத்தியது.

பெனிஸ் தோண்டினான். லாடம் வந்தது.

பவுல்ராஜ் சாருக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தன் மேசைக்கடியில் கிடந்தது. மண்ணில் மெழுகு உறைந்த பொட்டுகூட இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஜெஸிந்தா சாமந்தியோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றும் ஞாயிறு. சார் என்ன சொல்வார் என்று பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சார் லாடத்தை வாங்கினார். மோந்து பார்த்தார்.

"பிரிம்லி துரையோட குதிரை லாடம். எஜமானைப் புதைக்கறப்ப குதிரை லாடத்தையும் கூட வெக்கறது அவங்க வழக்கம். துரை இங்கதான் இருக்காரு."

எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உதை வாங்கிய வழிக்காரர் அழுதேவிட்டார். மாதம் திரும்புவதற்குள் அங்கே கறுப்புக் கிரானைட் கல் நின்றது, சுற்றிச் சங்கிலியும் கட்டினார்கள். 'பிரிம்லி துரை இங்கே கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார். மலர் வைக்க வேண்டாம்.'

ஜெஸிந்தா இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறாள், சங்கிலிக்கு வெளியே நிற்கிறாள். ஒரு தடவை கோயம்புத்தூரிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி அவளைப் பார்த்து இரக்கப்பட்டு, "துரைக்கு நீங்க என்ன வேணுமுங்க?" என்று கேட்டாள்.

"சம்சாரமுங்க" என்றாள் ஜெஸிந்தா.

பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பவுல்ராஜ் சார் காதில் அது விழுந்தது. வீட்டுக்குப் போய் யூனிஸிடம்கூடப் பேசாமல் யோசித்தார். அடுத்த வாரம் மண்டபத்து அட்டையில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'துரைக்கு உள்ளூரில் ஒரு தொடுப்பும் இருந்ததாகத் தெரியவருகிறது.'

அந்த வருஷம் பைக்காரா ஏரியில், ஜெஸிந்தாவின் பேர் வெட்டிய மோதிரத்துக்கு மேலே, தண்ணீர் ஓரடிகூட இறங்கவில்லை.